ஆமை முதுகில் ஓர் உலகம்

பிள்ளை கதைப் புத்தகமும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால், நம் வீடுகளில் உடனே ஒரு குரல் எழும். "பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு இதென்ன பொய்க்கதை? இது சோறு போடுமா?" என்று கேட்போம். மரம் சீவிவிட்டு வந்த களைப்பிலும், குலை வெட்டிவிட்டு வந்த அலுப்பிலும் எழுகின்ற அந்தக் கேள்வியை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பொய்க்கதைகளைப் படித்தே வளர்ந்து, பொய்க்கதைகளை எழுதியே உலகப் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றி இன்று சிறிது பேசலாம் என்று எண்ணுகிறோம். அவர் இங்கிலாந்து நாட்டு எழுத்தாளர் டெர்ரி பிராட்செட். 1948-இல் பிறந்து 2015-இல் மறைந்தவர். நடக்கவே முடியாத கதைகளை, வயிறு குலுங்கச் சிரிக்கும்படி எழுதியவர். அவருடைய நூல்கள் 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன.

இங்கிலாந்துக்காரர் என்றதும் மாளிகையில் பிறந்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் பீக்கன்ஸ்பீல்டு என்ற ஊர்ப்புறத்தில், மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு சின்ன வீட்டில் தொடங்கியது அவருடைய வாழ்க்கை. தகப்பனார் மோட்டார் மெக்கானிக். தாயார் அலுவலக வேலை பார்த்தவர். வீட்டுக்கு அவர் ஒரே பிள்ளை.

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை. அந்த நாளில் இங்கிலாந்தில் பதினொரு வயதில் ஒரு தேர்வு உண்டு. அதில் தேறியவர் ஒரு வகைப் பள்ளிக்கும் தேறாதவர் வேறொரு வகைப் பள்ளிக்கும் போகவேண்டும். அவருடைய தலைமையாசிரியரோ ஆறு வயதிலேயே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, இவர்கள் தேறுவார்கள், இவர்கள் தேறமாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டாராம். பிராட்செட் இரண்டாவது கூட்டத்தில் தள்ளப்பட்டார். ஆறு வயதுப் பிள்ளையின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று எந்த ஆசிரியருக்குத் தெரியும்? இருபது ஆண்டுக்கு மேல் கரும்பலகை முன் நின்ற நமக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தத் தீர்ப்பை அவருடைய தாயார் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளையை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார். ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறாமல் படித்தால் ஒரு பென்னி காசு. இப்படி லஞ்சம் கொடுத்துப் படிக்க வைப்பது சரியா என்று பயிற்சிக் கல்லூரியில் கேட்டால் சரியில்லை என்றுதான் எழுதவேண்டும். ஆனால் பையன் பதினொரு வயதுத் தேர்வில் தேறிவிட்டான்!

காசு இல்லாமலேயே படிக்க வைத்தது ஒரு புத்தகம். பத்து வயது வாக்கில் குடும்ப நண்பர் ஒருவர், கென்னத் கிரஹாம் 1908-இல் எழுதிய 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' என்ற கதையைக் கையில் கொடுத்தார். எலியும் அகழானும் தேரையும் சட்டை போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் வாழ்கிற கதை. தேரை மோட்டார் கார் ஓட்டுகிறது. பெரியவர்கள் இது பொய் என்று சொல்லுமுன்பே பையன் அதற்குள் புகுந்துவிட்டான். புத்தகத்துக்குள் இப்படியும் நடக்குமா என்ற வியப்பு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

பிறகு போய்ச் சேர்ந்த இடம் பீக்கன்ஸ்பீல்டு பொது நூலகம். தமக்கு உண்மையான கல்வியைக் கொடுத்தது பள்ளிக்கூடம் அன்று, அந்த நூலகமே என்று பின்னாளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைகளில் அங்கே சம்பளமில்லாமல் புத்தகம் அடுக்கப் போனார். அடுக்குகிறவனுக்கு இத்தனை புத்தகம்தான் என்ற கணக்கு இல்லை. வேண்டியதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பக்கத்துச் சிற்றூரான பென்னில் இருந்த பழைய புத்தகக் கடையும் அவருக்கு இன்னொரு பள்ளிக்கூடம்.

என்ன படித்தார் என்பதில்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அவர் படித்ததற்கு ஒரு வரிசை இல்லை. ஒரு பாகுபாடு இல்லை. 'பஞ்ச்' என்ற பழைய நகைச்சுவை வார இதழின் கட்டுக் கட்டான தொகுப்புகளைப் புரட்டினார். ஜெரோம் கே. ஜெரோம், மார்க் ட்வெய்ன், வுட்ஹவுஸ் ஆகியோரைப் படித்து, சிரிப்பு எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்றுக்கொண்டார். தம் ஊர்ப்பக்கத்திலேயே வாழ்ந்து மறைந்த செஸ்டர்டன் என்ற எழுத்தாளரிடம், நாம் தினமும் காணும் தெருவையே புதிய தெருவைப் போலப் பார்க்கும் கண்ணைப் பெற்றார். பழமொழிகள், புராணச் செய்திகள், சொற்றொடர்களின் வரலாறு ஆகியவை அடங்கிய புரூவரின் அகராதியை, மற்றவர் நாவல் படிப்பதுபோல் படித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் குப்பை பொறுக்கியவர், சாக்கடையில் காசு தேடியவர், தெருவில் தின்பண்டம் விற்றவர் ஆகியோரைத் தேடிப்போய்ப் பேசி ஹென்றி மேஹியூ என்பவர் எழுதிவைத்த பெரும் தொகுதிகள் அவருக்கு உயிர். 2012-இல் தாம் எழுதிய 'டாட்ஜர்' என்ற நாவலை அந்த மேஹியூவுக்கே காணிக்கையாக்கினார்.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. அந்த நாளில் புரூக் பாண்ட் தேயிலைப் பொட்டலங்களுக்குள் சிறிய படச் சீட்டுகள் வைத்து விற்பார்கள். கோள்கள், விண்மீன்கள், விண்வெளிப் பயணம் பற்றிய சீட்டுகளைச் சேர்த்துத்தான் பிராட்செட்டுக்கு வானத்தின்மேல் ஆசை பிறந்தது. அந்தப் பொட்டலத்துத் தேயிலையில், தென்னிந்திய மலையிலோ இலங்கை மலையிலோ நம் இனத்துப் பெண்கள் பறித்த கொழுந்தும் கலந்திருக்கலாம். கொழுந்து பறித்தவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. அது வேறு கதை. பையன் தொலைநோக்கி வாங்கி வானத்தைப் பார்த்தான். வானியல் அறிஞராக வேண்டும் என்று ஆசைப்பட்டான். கணக்கு வரவில்லை. அதனால் விண்வெளியைப் பற்றி மற்றவர்கள் எழுதிய விஞ்ஞானக் கதைகளைப் படித்து ஆறுதல் அடைந்தான். இன்றைக்குச் சூரியனைச் சுற்றிவரும் சிறு கோள் ஒன்றுக்கு 127005 என்ற எண்ணோடு பிராட்செட் என்ற பெயரும் இருக்கிறது.

விஞ்ஞானக் கதையிலிருந்து வானியலுக்கும், மாயக் கதையிலிருந்து புராணத்துக்கும், புராணத்திலிருந்து வரலாற்றுக்கும் ஒன்றைப் பிடித்து ஒன்றாக அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். பிற்காலத்தில் எழுத ஆசைப்பட்டு வந்த இளைஞர்களுக்கும் இதையே சொன்னார். மாயக் கதை எழுத விரும்புகிறவன் மாயக் கதைகளையே படித்துக்கொண்டிருந்தால், மற்றவர் மென்று துப்பியதைத்தான் மெல்வான். வரலாற்றையும் தொழில்களையும் ஊர் வழக்குகளையும் படித்து, வெளியிலிருந்து சரக்கு கொண்டுவர வேண்டும் என்பது அவர் கருத்து. எந்தப் படிப்பும் வீண்போகாது என்று நம் பெரியவர்கள் சொல்வதை, அவர் தம் எழுத்தில் செய்து காட்டினார் என்றே சொல்லலாம்.

இனி எழுத்துக்கு வருவோம். பதின்மூன்று, பதினான்கு வயதில் பள்ளி இதழுக்கு ஒரு கதை எழுதினார். நரகத்துக்கு ஆள் வருவது குறைந்துவிட்டதால் சாத்தான் ஒரு விளம்பரக்காரனை வேலைக்கு வைக்கிறான். இதுதான் கதை. 1963-இல், அவருக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, வெளியார் நடத்திய ஒரு விஞ்ஞானக் கதை இதழ் அதை வாங்கி வெளியிட்டு 14 பவுன் கொடுத்தது. அந்தப் பணத்தில் அவர் ஒரு பழைய டைப்ரைட்டர் வாங்கினார்.

1965-இல், பதினேழு வயதில், பள்ளியை விட்டு உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் பயிற்சி நிருபராகச் சேர்ந்தார். வேலைக்குப் போன முதல் நாளே, மூன்று மணி நேரத்துக்குள், ஒரு பிணத்தைப் பார்க்க நேர்ந்ததாம். தொழிற்பயிற்சி என்றால் அந்தக் காலத்தில் உண்மையிலேயே பயிற்சிதான் என்று அதையும் வேடிக்கையாகவே சொல்வார். அந்தத் தாளில் சிறுவர் பகுதிக்கு 'ஜிம் மாமா' என்ற பெயரில் வாராவாரம் கதை எழுதும் பொறுப்பும் அவருக்கு வந்தது. சின்னஞ்சிறு மனிதர்கள் ஒரு கம்பளத்தின் நூலிழைகளுக்கு நடுவே, காட்டில் வாழ்வதுபோல் வாழும் கதை அங்கேதான் முளைத்தது. 1971-இல் அதுவே விரிந்து 'தி கார்பெட் பீப்பிள்' என்ற முதல் நூலாக வெளிவந்தது.

ஒரு நூல் வந்ததும் வேலையை விட்டுவிடவில்லை. பதினாறு ஆண்டுகள் வேலையும் எழுத்துமாகவே போயின. 1980-இல் மின்சார வாரியத்தின் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியானார். மூன்று அணுமின் நிலையங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அதற்கு முந்திய ஆண்டுதான் அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நடந்திருந்தது. பயந்துபோன ஊர்மக்களுக்கும் துருவித் துருவிக் கேட்கும் நிருபர்களுக்கும் நாள் முழுவதும் பதில் சொல்லிவிட்டு, இரவில் வீட்டில் உட்கார்ந்து ஆமைக் கதை எழுதினார்.

எவ்வளவு எழுதினார்? ஓர் இரவுக்கு 400 சொற்கள். அதற்குக் குறையக்கூடாது. ஒருநாள் ஒரு நாவல் முடிந்தபோது அன்றைய கணக்கில் இன்னும் நூறு சொற்கள் பாக்கி இருந்தன. எழுந்து தேநீர் குடிக்கப் போகவில்லை; புதிய தாளைச் செருகி அடுத்த நாவலின் முதல் நூறு சொற்களை எழுதிவிட்டுத்தான் எழுந்தார் என்று அவருடைய நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். 400 சொல் என்பது நம் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை இரண்டு மூன்று சேர்ந்தால் வரும். ஓர் ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,46,000 சொற்கள். ஒரு பெரிய நாவல் போக மீதமும் இருக்கும்.

1983-இல் 'தி கலர் ஆப் மேஜிக்' என்ற நாவல் வந்தது. இங்கிலாந்தில் விற்பதற்கென்று வந்த முதல் பதிப்பு 506 பிரதிகள் மட்டுமே. அது பேசப்படக் காரணமாக இருந்தது எது தெரியுமா, நேயர்களே? வானொலி! பி.பி.சி. வானொலியின் பெண்கள் நிகழ்ச்சியில் அதை ஆறு பகுதிகளாகப் படித்தார்கள். சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்ட தாய்மார்கள் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்கள். வானொலியில் பேசுகிற நமக்கு இதைச் சொல்வதில் கொஞ்சம் பெருமைதான். 1987-இல் மின்சார வாரிய வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். அந்த வரிசையில் மொத்தம் 41 நாவல்கள் வெளிவந்தன.

அந்த உலகத்தைச் சற்றுப் பார்ப்போம். தட்டையான ஒரு வட்ட உலகம். அதை நான்கு யானைகள் தாங்குகின்றன. யானைகள் ஒரு மாபெரும் ஆமையின் முதுகில் நிற்கின்றன. ஆமை விண்வெளியில் நீந்திக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்டதும், "இது நம்ம கதையாச்சே!" என்று பாட்டிமார் சொல்வார்கள். சரிதான். உலகைத் தாங்கும் யானைகளும் ஆமையும் நம் நாட்டுப் பழங்கதைகளிலிருந்து மேல்நாட்டுக்குப் போனவை. அவர் அதை வாங்கி, அதன்மேல் ஓர் அழுக்குப் பிடித்த பெரிய நகரத்தைக் கட்டினார். அங்கே மந்திரவாதிகள் சாப்பாட்டுப் பிரியர்கள். திருடர்களுக்குச் சங்கமும் ரசீதும் உண்டு.

மந்திரவாதிகளின் பல்கலைக்கழகத்தில் நூலகர் ஒருவர் இருக்கிறார். மந்திரம் தவறிப் பட்டு அவர் ஓராங் ஊத்தானாக மாறிவிடுகிறார். திரும்ப மனிதராக்க வந்தவர்களை அவர் கிட்டவே விடவில்லை. நீண்ட கையால் உயரமான அலமாரியிலும் எட்டிப் புத்தகம் எடுக்கலாம். இதைவிட நூலகருக்கு வேறென்ன வேண்டும்? அவர் பேசுவது 'ஊக்' என்ற ஒரே சொல். ஆனால் யாராவது அவரைக் குரங்கு என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவர்களுக்கு ஆஸ்பத்திரிதான்.

விளையாட்டாகப் படைத்த இந்த நூலகர் அவரை போர்னியோவுக்கே இழுத்து வந்தார். 1990-களின் நடுவில் தொலைக்காட்சிப் படம் ஒன்றுக்காக, இந்தோனேசியப் பகுதியான களிமந்தானில் தஞ்சோங் புத்திங் காட்டுக்கு வந்து உண்மையான ஓராங் ஊத்தான்களைப் பார்த்தார். அவற்றைக் காக்கும் அறக்கட்டளைக்குத் துணை நின்றார். அங்கே அவர் கண்ட குசாசி என்ற பெரிய ஆணைத் தேடி, நோயுற்ற நிலையிலும் மறுபடி வந்தார். அந்தப் படம் 2013-இல் ஒளிபரப்பானது. காடு சுருங்குவதும் செம்பனை பெருகுவதும் அவருக்கு வேதனை தந்தன. செம்பனையில் பிழைக்கும் நமக்கு இது கேட்கச் சங்கடமான செய்தி. காட்டை அழிப்பதென்று முடிவு செய்தவன் குலை வெட்டுகிறவன் அல்லன் என்பது உண்மைதான். ஆனாலும் ஊத்தான் போக இடமின்றித் திண்டாடுகிறது என்பதும் உண்மைதான்.

இன்னொரு பாத்திரம் மரணம். நம் எமதர்மன் எருமையில் வருவார். இவர் பிங்கி என்று பெயரிட்ட வெள்ளைக் குதிரையில் வருகிறார். எலும்புக்கூடு. பூனைகள்மேல் கொள்ளைப் பிரியம். மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று புரியாமல் குழம்புவார். ஆங்கிலத்தில் அவர் பேச்சு முழுவதும் பெரிய எழுத்தில் அச்சாகும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே! வகுப்பில் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பேசினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. சாகும் தறுவாயில் இருந்த வாசகர்கள் பலர், தங்களை அழைத்துப்போக வருகிறவர் இவரைப் போலவே இருக்கவேண்டும் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள்.

தொழிலாளர் வீட்டில் உடனே புரிகிற இடம் ஒன்று 1993-இல் வந்த 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் இருக்கிறது. வைம்ஸ் என்ற காவல் தலைவருக்கு மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் சப்பாத்து 50 டாலர். வாங்கினால் பத்தாண்டு உழைக்கும். அவரால் முடிந்தது 10 டாலர் சப்பாத்துதான். அது ஒன்றிரண்டு மழைக்காலம் தாங்கும். பிறகு அடி தேய்ந்து தண்ணீர் ஏறும். ஆகவே பத்தாண்டில் ஏழை 100 டாலர் செலவழித்தும் ஈரக் காலோடுதான் நடப்பான். பணக்காரன் 50 டாலரோடு முடித்துக்கொள்வான். கடன் அட்டையில் கால் கிலோ கால் கிலோவாகச் சாமான் வாங்கிய எந்தத் தாய்க்கும் இந்தக் கணக்கை விளக்கவேண்டியதில்லை. 2022-இல் இங்கிலாந்தில் ஏழைகள் வாங்கும் பொருள்களின் விலை ஏற்றத்தைக் கணக்கெடுக்க முற்பட்டபோது, அந்தக் கணக்குக்கு வைம்ஸின் சப்பாத்துப் பெயரையே சூட்டினார்கள். பொருளாதார நூல் பத்துப் பக்கத்தில் சொல்வதை ஒரு சிரிப்புக் கதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டது.

சிரிக்க வைப்பதற்கும் ஆழமாகப் பேசுவதற்கும் பகை இல்லை என்பது அவர் கட்சி. பொய்க்கதை எதற்கு என்ற கேள்விக்கும் 1996-இல் எழுதிய 'ஹாக்பாதர்' நாவலில், மரணத்தின் வாயாலேயே பதில் சொல்ல வைக்கிறார். உலகத்தையே இடித்துப் பொடியாக்கிச் சலித்தாலும் அதில் நீதி என்று ஓர் அணுவும் கிடைக்காது. இரக்கம் என்று ஒரு துளியும் கிடைக்காது. மனிதன் இல்லாத ஒன்றை நம்பித்தான் அவற்றை உண்டாக்க வேண்டியிருக்கிறது. குழந்தைப் பருவத்தில் சின்னச் சின்னக் கற்பனைகளை நம்பிப் பழகாதவன் அந்தப் பெரியவற்றை எப்படி நம்புவான் என்பதுதான் அங்கே சொல்லப்படும் கருத்து. எட்டு மணி நேர வேலை என்பதும் ஒருகாலத்தில் யாரோ ஒருவரின் கற்பனையாகத்தான் இருந்தது.

2007 டிசம்பரில், 59 வயதில், தமக்கு அல்சைமர் நோய் கண்டிருப்பதாக அவரே வெளியிட்டார். அதில் ஓர் அரிய வகை. கண் நன்றாகத் தெரியும். கண்டது என்ன என்று மூளைக்குத்தான் புலப்படாது. வாழ்நாளெல்லாம் படித்தவருக்கு எழுத்துகள் வழுக்கிப் போயின. தட்டச்சு செய்யக் கை பழகியிருந்தும் எழுத்துப் பலகையில் எந்த எழுத்து எங்கே என்று தெரியவில்லை. நம் ஊர்களில் இந்த நோய் வந்த முதியவர்களை 'புத்தி தடுமாறிப் போச்சு' என்று சொல்லி வீட்டுக்குள் மறைத்துவிடுகிறோம். அவர் மறைக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்தார். தொலைக்காட்சியில் தோன்றித் தம் தடுமாற்றத்தைத் தாமே காட்டினார். 2009-இல் அரசியார் சர் பட்டம் அளித்தபோது, வீரனுக்கு வாள் வேண்டுமே என்று, தாமே இரும்புத் தாது தோண்டி உருக்கி, விண்கல் துண்டும் சேர்த்து, ஒரு வாள் செய்துகொண்டார்! எழுத்தையும் விடவில்லை. உதவியாளரிடமும் பேச்சை எழுத்தாக்கும் கணினியிடமும் வாயால் சொல்லிச் சொல்லி மேலும் பல நாவல்களை முடித்தார். 2015 மார்ச் 12-ஆம் நாள், தம் வீட்டில் காலமானார்.

முடிக்காத கதைகள் இருந்த கணினி வன்தட்டைச் சாலை போடும் நீராவி உருளையின் கீழ் வைத்து நசுக்கிவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். 2017 ஆகஸ்டு 25-இல், டோர்செட் பகுதியில் நடந்த நீராவி இயந்திரக் கண்காட்சியில், அப்படியே செய்தார்கள். பலமுறை உருட்டியும் அது முழுதும் நொறுங்காததால், கல் உடைக்கும் இயந்திரத்தில் போட்டு முடித்தார்களாம்.

ஆங்கிலம் படிக்கக்கூடிய பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், எந்த நூலைக் கொடுப்பது? 2003-இல் வந்த 'தி வீ ஃபிரீ மென்' நூலைத் தேடிக் கொடுங்கள். டிபனி என்ற ஒன்பது வயது இடையர் வீட்டுப் பெண். பால் கறந்து பாலாடைக்கட்டி செய்கிறவள். தம்பியைத் தூக்கிப்போன தேவதைகளின் அரசியை, பொரிக்கும் சட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்க்கப் போகிறாள். வீட்டில் நாலைந்து புத்தகங்கள்தாம். அதில் ஒன்று அகராதி. அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவள் படித்து முடித்திருக்கிறாள். அகராதியை அப்படிப் படிக்கக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.